யார், யாரோடு, எப்பொழுது

திருப்பத்தூர் என்றதும் தமிழ்நாட்டில் இரண்டு ஊர்கள் நினைவுக்கு வரும். ஒன்று சிவகங்கைச் சீமையைச் சேர்ந்தது. நான் இங்கே குறிப்பிடுவது மற்றொன்றை. ஒருபுறம் ஏலகிரியும் மறுபுறம் ஜவ்வாது மலையும் நிற்க, இடையிலே அமைந்த பழம்பதி அது. 1911ஆம் ஆண்டு வரையில் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. பின்னர் வட ஆர்க்காட்டோடும், அதன்பின் வேலூரோடும் இணைந்திருந்து, 2019 நவம்பரில் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று.

மாணவ நண்பர்களே, நான் சொல்லப்போவது தொலைபேசியைப் பற்றிய வரலாறு. நாம் பேசும் ஒவ்வோர் அழைப்பும் எங்கோ ஓரிடத்தில் குறித்துவைக்கப்படுகிறது. யார் பேசினார், யாரோடு பேசினார், எப்பொழுது, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் அருகில் நின்று பேசினார் என்பனவெல்லாம் அக்குறிப்பில் உண்டு. அக்குறிப்பை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிடும் சட்டங்களும் விதிகளும் உலகெங்கும் எழுந்துள்ளன. அவை எப்படி எழுந்தன, நம் நாட்டில் எந்த வாசல் வழியாக நுழைந்தன என்பதே பேச்சின் பொருள். அதைத் திருப்பத்தூரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குடிமக்களைப் பற்றி அரசு பதிவு எழுதி வைக்கும் வழக்கம் தென்னாட்டில் புதிய வடிவம் பெற்ற இடங்களில் இவ்வூரும் ஒன்று.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகால் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுத்தார். அதனை ஆள வந்தவர் காப்டன் அலெக்சாண்டர் ரீட் என்னும் படைத்தலைவர். அவர் திருப்பத்தூரைத் தம் தலைமையிடமாகக் கொண்டார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னராக விளங்கிய அதே மன்றோதான். ரீட் தம் துணைவர்களைக் கொண்டு நாடு முழுவதும் வயல் வயலாக அளக்கச் செய்தார். இன்ன நிலம் இன்னாருடையது, அதன் தரம் இன்னது, தீர்வை இவ்வளவு என்று ஏடு ஏடாக எழுதி நிரப்பினர். அவ்வேடுகள் அழியாமல் நின்று, ஒரு நூற்றாண்டு கழித்துச் சென்னை அரசாங்க அச்சகத்தில் ‘பாரமகால் ஆவணங்கள்’ என்ற பெயரால் அச்சேறின. அந்நாட்டு மக்களையும் விளைபொருள்களையும் வரிகளையும் அறிய விரும்பும் ஆராய்ச்சியாளருக்கு அவை இன்றும் பெருஞ்செல்வம்.

ரீட் எழுதிவைத்த கணக்கு எல்லோருக்கும் இனித்தது என்று சொல்ல முடியாது. தீர்வை கடுமையாக இருந்த ஊர்களில் அவ்வேடே உழவனின் கழுத்தை இறுக்கும் கயிறாயிற்று. ஆயினும் அம்முறையில் ஒரு நன்மை இருந்தது. உழவன் கையிலே பட்டா என்று ஒரு தாள் வந்தது. அரசாங்கம் தன்னைப் பற்றி எழுதியதில் ஒரு பகுதியையேனும் அவன் கண்ணால் காணலாம். தவறு இருந்தால் ‘இது என் நிலமன்று, அளவு பிசகு’ என்று வழக்காடலாம். இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இனித் தந்திக்கு வருவோம். 1855ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தந்தி நம் நாட்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சில ஆண்டுகளில் சென்னையிலிருந்து மேற்கே சென்ற இருப்புப்பாதை திருப்பத்தூரை அடுத்த ஜோலார்பேட்டைக்கு எட்டியது. 1864இல் அங்கிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. தண்டவாளத்தோடு கம்பமும் கம்பியும் வந்தன. தந்தி அனுப்புகிறவர் செய்தியைத் தம் கையாலேயே தாளில் எழுதிக் கொடுப்பார். குமாஸ்தா அதைப் படித்தே அனுப்ப வேண்டும். ஆகவே தந்தியில் மறைபொருள் என்பது குமாஸ்தாவின் நாணயத்தைப் பொறுத்தது. இதனை உணர்ந்துதான், 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், செய்தியை வெளியிடும் தந்தி ஊழியருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, பொது நெருக்கடி நேர்ந்தாலும் பொதுமக்கள் பாதுகாப்புக்கு வேண்டியிருந்தாலும் செய்தியை இடைமறிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்தது. ஊழியன் பார்த்தால் குற்றம், அரசு பார்த்தால் அதிகாரம் என்ற அந்த அமைப்பு 130 ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

அச்சட்டத்தின் கவலையெல்லாம் செய்தியின் உள்ளடக்கத்தைப் பற்றியதே. உறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டது. உறையின்மேல் எழுதிய முகவரியை யார் பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டது. அந்நாளில் அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. தொலைபேசி வந்த பிறகும் அவ்வாறே இருந்தது. 1882இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் நடந்தன. தொலைபேசியை எடுத்தால் நிலையத்திலுள்ள பணியாளர் ‘எந்த எண்?’ என்று கேட்டு இணைப்புக் கொடுப்பார். அவர் விரும்பினால் ஒட்டுக்கேட்கலாம். ஆனால் ஆயிரம் இணைப்புகளை நினைவில் வைத்திருக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு சுவையான கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் ஈமச்சடங்குகளை ஏற்று நடத்தும் தொழில் செய்துவந்தார். தமக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தொலைபேசிப் பணியாளர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்கு ஐயம். அதனால் பணியாளரே வேண்டாத, தானே இணைக்கும் பொறியைக் கற்பனை செய்து 1891இல் காப்புரிமை பெற்றார். சாவு வீட்டு வியாபாரத்தில் பிறந்த அப்பொறி உலகமெங்கும் பரவி, நம் நாட்டு நகரங்களிலும் பல பத்தாண்டுகள் கடகடவென்று ஓடியது.

ஸ்ட்ரௌஜர் பொறியின் இயல்பு ஒன்று நம் பொருளுக்கு மிக வேண்டியது. அதில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஓர் எண்ணிக்கைக் கருவி உண்டு. அழைப்புக்கு ஓர் அடியாக அது நகரும். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே சந்தாதாரரே நேராக வெளியூருக்குச் சுழற்றிப் பேசும் வசதி தொடங்கியது. வெளியூர் அழைப்பில் தூரத்துக்கேற்பக் கருவி விரைவாக நகரும். திங்கள் முடிவில் பழைய எண்ணைப் புதிய எண்ணிலிருந்து கழித்துக் கட்டணம் போடுவார்கள். யாருடன் பேசினோம் என்பது அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. ‘டிரங்க் கால்’ பதிவு செய்தால் மட்டும் பணியாளர் ஒரு சீட்டில் ஊரும் எண்ணும் எழுதிக்கொள்வார். மற்றவை காற்றோடு போயின. மறதி அந்தப் பொறியின் உடம்பிலேயே இருந்தது. அதற்குத் தனியே சட்டம் தேவைப்படவில்லை.

அந்த மறதியைக் கண்டு சந்தாதாரர்கள் மகிழ்ந்தார்களா என்றால், இல்லை. நான் மாணவனாக இருந்த காலத்தில், அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் தமக்கு வந்த தொலைபேசிக் கட்டணச் சீட்டை ஏந்திக்கொண்டு அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தது நினைவிருக்கிறது. ‘இவ்வளவு நான் பேசவில்லை’ என்பார் அவர். ‘கருவி காட்டுகிறது’ என்பார்கள் அலுவலகத்தார். எந்த அழைப்பு, எந்த நாள் என்று காட்டக் கையில் ஒன்றுமில்லை. விவரமான பட்டியல் வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் அவரைப் போன்ற மக்களே. மின்னணு நிலையங்கள் வந்ததும் அந்த விருப்பம் நிறைவேறிற்று. ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வரி எழுதுவது கணினிக்கு ஒரு பொருட்டே அன்று. கட்டணத்துக்காக எழுதப்பட்ட அந்த வரிதான் பின்னால் காவல்துறையினரின் கைக்கருவியாயிற்று.

1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு அது. கைப்பேசி வந்தபின் அந்த வரியில் இன்னொரு கட்டம் சேர்ந்தது: பேசியவர் எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தார் என்பது. வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டிய தொலைபேசிக்கு இடம் மாறாது. சட்டைப்பையிலுள்ள தொலைபேசியோ மனிதன் போகுமிடமெல்லாம் போகிறது. அழைப்புக் கணக்கு நடமாட்டக் கணக்காக மாறியது.

அதே காலத்தில் உள்ளடக்கத்தைப் பற்றிய வழக்கு ஒன்று உச்சநீதிமன்றத்தின் முன் இருந்தது. அரசியல் தலைவர்களின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன என்னும் செய்தி 1991இல் வெளியானதை அடுத்து, மக்கள் குடியுரிமைக் கழகம் வழக்குத் தொடுத்திருந்தது. அதற்கு முன்பே, 1988இல், அண்டை மாநிலமான கருநாடகத்தில் முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்புச் சர்ச்சையின் நடுவே பதவி விலகியிருந்தார். 1996 டிசம்பர் 18இல் நீதிபதி குல்தீப் சிங்கும் நீதிபதி சகீர் அகமதும் அளித்த தீர்ப்பு, தொலைபேசி உரையாடல் அரசியலமைப்பின் 21ஆம் விதி காக்கும் அந்தரங்க உரிமையில் அடங்கும் என்றது. ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும். ஆணை இரண்டு திங்கள்தான் செல்லும். நீட்டித்தாலும் ஆறு திங்களைத் தாண்டலாகாது. மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். தேவை முடிந்ததும் படிகளை அழித்துவிட வேண்டும். இவ்வளவும் அத்தீர்ப்பு வகுத்த வரம்புகள். பின்னர் தந்தி விதிகளில் 419-அ என்ற விதி சேர்ந்து, இவற்றுக்குச் சட்ட உருவம் தந்தது.

உறைக்குள் இருப்பதற்கு இவ்வளவு காவல் ஏற்பட்டது. உறையின்மேல் உள்ளதற்கு? அதனை நாடாளுமன்றம் விவாதித்து இயற்றிய சட்டம் எதிலும் தேடினால் காண முடியாது. தொலைபேசிக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உரிம ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனையாக அது இருந்தது. அழைப்பு விவரங்களையும் இணையத் தொடர்பு விவரங்களையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். வேறு கட்டளை இல்லையேல் பின்னர் அழித்துவிடலாம் என்பது அந்த நிபந்தனை. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிமத்தைத் திருத்தி, ஓராண்டை ஈராண்டாக்கியது. கோடிக்கணக்கான மக்களின் நடமாட்டக் கணக்கு ஒரே திருத்தத்தால் இருமடங்கு நீண்டது. இவ்வளவு பெரிய செய்தி நாட்டில் இவ்வளவு சிறிய சலசலப்போடு முடிந்ததே என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

பதிவு வைப்பதே தீது என்று நான் சொல்ல வரவில்லை. 2001இல் நாடாளுமன்றத்தின்மீது நடந்த தாக்குதல் வழக்கில் கைப்பேசி அழைப்புப் பதிவுகள் முக்கியச் சான்றுகளாக விளங்கின; 2005இல் உச்சநீதிமன்றம் அவற்றை விரிவாக ஆராய்ந்தது. முன்கூட்டியே எது பயன்படும் என்று தெரியாததால்தான் எல்லாவற்றையும் வைக்கிறோம் என்று காவல்துறையினர் சொல்வார்கள். இந்த வாதத்துக்கு ஜவ்வாது மலையே சாட்சி சொல்லும். காவலூர் வானாய்வகத்தில் 1977 மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் காட்சியைப் பார்த்துப் பதிவு செய்தனர். பதிவில் எதிர்பாராத ஒரு சிறு ஒளிக்குறைவு விழுந்திருந்தது. அதனை முதலில் புதிய துணைக்கோள் ஒன்றின் செயல் என்று கருதினர்; பிற இடங்களின் பதிவுகளோடு வைத்து நோக்கியபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்ற பேருண்மை வெளிப்பட்டது. அற்பமென்று அப்பதிவைத் தூக்கியெறிந்திருந்தால் என்னாகும்?

ஆனால் விண்மீனுக்கு அண்டை வீட்டார் இல்லை. தன் கணக்கை யார் பார்க்கிறார் என்ற அச்சமும் இல்லை. மனிதரின் நிலை வேறு. ஜெர்மனியில் மால்டே ஸ்பிட்ஸ் என்னும் பசுமைக் கட்சி அரசியலாளர், தம் கைப்பேசிக் கம்பெனி தம்மைப் பற்றி வைத்திருந்த ஆறு திங்கள் விவரத்தை வாதாடிப் பெற்றார். 35,000க்கு மேற்பட்ட வரிகள் வந்தன. 2011இல் ‘டி ஸைட்’ பத்திரிகை அவற்றை நிலப்படத்தில் வைத்துக் காட்டியபோது, அவர் எந்த இரயிலில் ஏறினார், எங்கே உறங்கினார், எப்பொழுது விழித்தார் என்பதெல்லாம் தெரிந்தன. அவர் பேசிய ஒரு சொல்கூட அதில் இல்லை. சொல் இல்லாமலே வாழ்க்கை முழுவதும் தெரிந்துவிட்டது.

ஐரோப்பியர் இதைப் பற்றி நீண்ட போராட்டம் நடத்தினர். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம், உறுப்பு நாடுகளெல்லாம் இத்தகைய விவரங்களை ஆறு திங்கள் முதல் ஈராண்டு வரை வைக்கச் செய்ய வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தது. ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2010இல் தன் நாட்டுச் சட்டத்தைத் தள்ளியது. 2014 ஏப்ரல் 8இல் ஐரோப்பிய நீதிமன்றம் அக்கட்டளையையே செல்லாது என்று தீர்த்தது. குற்றத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர் உட்பட எல்லோருடைய பதிவையும் வரம்பின்றி வைப்பது அளவுக்கு மிஞ்சியது என்பது தீர்ப்பின் சாரம். ஆஸ்திரேலியாவோ 2015இல் எதிர்த்திசையில் சென்று, ஈராண்டு வைப்பைச் சட்டமாக்கியது. ஆனால் அதை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதித்துச் செய்தது.

நம் உச்சநீதிமன்றமும் ‘எத்தனை நாள்?’ என்ற கேள்வியை ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தது. 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். மறுஆண்டு செப்டம்பர் 26இல் ஆதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒருவர் எங்கெங்கே தம் ஆதாரைச் சரிபார்த்தார் என்ற பதிவுகளை ஐந்தாண்டுக் காலம் வைக்கலாம் என்றிருந்த ஏற்பாட்டை நீதிமன்றம் தள்ளி, ஆறு திங்களுக்கு மேல் வைக்கலாகாது என்றது. ரேஷன் கடையில் விரல் வைத்த கணக்குக்கு ஆறு திங்கள். கோபுரந்தோறும் விழுந்த கைப்பேசிக் கணக்குக்கு ஈராண்டு. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் சட்ட மாணவர் எவரேனும் திருப்பத்தூர்க் கல்லூரிகளில் இருந்தால், அவருக்கு நல்லதோர் ஆராய்ச்சிப் பொருள் காத்திருக்கிறது.

வைத்திருக்கும் கணக்கு, பார்க்கக் கூடாதவர் கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2013இல், மாநிலங்களவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்பு விவரங்களை முறையின்றிப் பெற முயன்றதாக டெல்லியில் காவலர் ஒருவரும் வேறு சிலரும் கைதாயினர். அத்தகைய பெரும் பதவியில் இருந்தவருக்கே அந்த நிலை என்றால், ஊர்ப்புறத்தில் குடும்ப வழக்கிலோ நிலத் தகராறிலோ சிக்கிய எளியவரை எண்ணிப்பாருங்கள்.

இப்பொழுது மக்கள் தொலைபேசியில் பேசுவதைக் காட்டிலும் இணையத்தின் வழியே செய்தி அனுப்புவது பெருகிவிட்டது. இங்கே மாணவர்களிடம் ஒரு மயக்கத்தைக் காண்கிறேன். மேசைக் கணினியில் ஒரு சின்னத்தைத் தட்டினால் தனியே ஒரு சாளரம் திறந்து அரட்டை நிரலோ குறிப்பு நிரலோ ஓடுகிறது. ‘இஃது என் கணினிக்குள்ளேயே இருப்பது, என் எழுத்து என்னிடமே’ என்று நினைக்கிறார்கள். அத்தகைய நிரல்கள் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரு வலைத்தளமே. 2013இல் கிட்ஹப் நிறுவனத்தார் தொடங்கிய எலெக்ட்ரான் போன்ற கருவிகளைக் கொண்டு, ஒரு முழு இணைய உலாவியையும் அவ்வலைத்தளத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துக் கொடுக்கிறார்கள். பெட்டி நம் மேசைமேல் இருக்கிறது. செய்தியோ தொலைவிலுள்ள சர்வரைத் தொட்டுத்தான் செல்கிறது, தொட்ட நேரமும் அங்கே பதிவாகிறது. 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, கணினிச் சேவை நடத்துவோர் தங்கள் பதிவுக் குறிப்புகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைக்க வேண்டும் என்றும், வி.பி.என். சேவை தருவோர் வாடிக்கையாளரின் பெயர் முதலிய விவரங்களை ஐந்தாண்டு வைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்த ஆணையை ஏற்க மனமில்லாத சில வெளிநாட்டு வி.பி.என். கம்பெனிகள் தங்கள் சர்வர்களை நம் நாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போயின. 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தது: அரட்டைச் சேவைகள் கைப்பேசியிலுள்ள சிம் அட்டையோடு எப்பொழுதும் பிணைந்திருக்க வேண்டும், அவற்றின் வலை வடிவம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் தானே வெளியேறிவிட வேண்டும் என்று பணித்தது. மோசடிகளைத் தடுப்பதே நோக்கம் என்றனர். நோக்கம் நல்லதே, ஆயினும், பெட்டிக்குள் இருந்த வலைத்தளத்தையும் பெயர் எழுதிய ஓர் ஆளோடு கட்டிவிடுகிறது அந்த ஆணை.

1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் கதை முடிவை நெருங்கிவிட்டது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. 2023 டிசம்பரில் தொலைத்தொடர்புச் சட்டம் என்ற புதிய சட்டம் பழையதற்கு மாற்றாக இயற்றப்பட்டு, 2024 ஜூன் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வரலாயிற்று. இடைமறிப்புக்கான புதிய விதிகளும் அவ்வாண்டு டிசம்பரில் வெளியாயின. அவற்றிலும் பெருங்கவனம் உறைக்குள் இருப்பதன் மீதே.

முன்னே பட்டாவைப் பற்றிச் சொன்னேன். தன்னைப் பற்றி எழுதியதைத் தானே காணும் அந்த உரிமை, 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே இப்புதிய ஏடுகளுக்கும் ஓரளவு வருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அன்றிலிருந்து 18 திங்கள் கழித்துத் தொடங்கும் என்று வகுத்துள்ளனர். அதன் பின்னர், ஒரு கம்பெனி தம்மைப் பற்றி வைத்துள்ள விவரங்களின் சுருக்கத்தை ஒருவர் கேட்டுப் பெறலாம்; யார் யாரிடம் அதைப் பகிர்ந்தது என்றும் கேட்கலாம். குற்றம் தடுப்பதற்காகவும் விசாரிப்பதற்காகவும் சட்டப்படி எழுதிக் கேட்டவருக்குக் கொடுத்திருந்தால் மட்டும், கொடுத்ததை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.